அரசியல் மாறினால் வீடும் மாற வேண்டுமா?

ஐரோப்பாவில் எந்த நாட்டில் தேர்தல் முடிந்தாலும் மறுநாள் எமது குடும்பங்களுக்குள் ஒரே கேள்வி சுற்றி வருகிறது: “இனி இங்கை இருக்கலாமோ?” டென்மார்க்கில் இருக்கும் தம்பி லண்டனில் இருக்கும் அக்காவிடம் கேட்கிறார். லண்டன் அக்கா ரொறன்ரோவில் இருக்கும் மச்சாளிடம் கேட்கிறார். ரொறன்ரோ மச்சாள் அங்குள்ள வீட்டு விலையைச் சொல்லி, இருக்கிற இடத்திலேயே இருங்கோ என்கிறார். அடுத்த தேர்தல் வரும்வரை பேச்சு அடங்கிவிடுகிறது.

2025 மே மாதம் இங்கிலாந்தின் சில பகுதிகளில் நடந்த உள்ளூராட்சித் தேர்தலில், ஏறத்தாழ 1,640 ஆசனங்களில் 677 ஆசனங்களை நைஜல் ஃபராஜின் ரிஃபோர்ம் கட்சி கைப்பற்றியது. கென்ட், டேர்ஹம், லிங்கன்ஷயர் உட்படப் பத்துச் சபைகளில் அதற்கு அறுதிப் பெரும்பான்மை கிடைத்தது. குடிவரவைக் குறைப்பதே அக்கட்சியின் முதன்மையான முழக்கம். அதன் பின்னர் மேற்சொன்ன கேள்வி இன்னும் பலமாகக் கேட்கத் தொடங்கியது. கேள்வி நியாயமானதுதான். ஒருமுறை வீட்டைப் பூட்டிவிட்டு ஓடி வந்தவர்கள், அடுத்த முறை எப்போது புறப்பட வேண்டும் என்று முன்கூட்டியே யோசிப்பதைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனாலும் ஊர் அனுபவத்தை அப்படியே எல்லா நாட்டுக்கும் பொருத்திவிட முடியாது. அரசியல் மாறியபோது மக்கள் உண்மையிலேயே இடம் மாறினார்களா, மாறியவர்கள் யார், எதற்காக மாறினார்கள் என்று கடந்த இருபத்தைந்து ஆண்டுகளைத் திரும்பிப் பார்த்தால் ஒரு விடயம் தெளிவாகிறது. தேர்தல் முடிவு மட்டும் பெருந்தொகையானோரை எங்கும் அசைத்ததில்லை. ஒருவருடைய விசாவை, குடும்பத்தை, வீட்டை நேரடியாகத் தொடும் சட்டம் வரும்போதுதான் மக்கள் அசைகிறார்கள். அப்போதும் கையில் உறுதியான கடவுச்சீட்டு உள்ளவர் பெட்டியோடு போகிறார். அது இல்லாதவர் ஒன்றில் அங்கேயே முடங்குகிறார், அல்லது மீண்டும் ஒருமுறை அகதியாகிறார்.

சொன்னவர்களும் போனவர்களும்

2016 நவம்பர் 8ஆம் திகதி இரவு, அமெரிக்காவில் டொனால்ட் டிரம்ப் வெல்லப்போகிறார் என்று தெரிந்த நேரத்தில், கனடாவின் குடிவரவுத் திணைக்கள இணையத்தளம் நெரிசல் தாங்காமல் முடங்கியது. அமெரிக்காவின் பாதி கனடாவுக்கு வந்துவிடும் என்பது போலப் பத்திரிகைகள் எழுதின. அப்படி எதுவும் நடக்கவில்லை. இணையத்தளத்தைத் திறந்து பார்த்த அமெரிக்கர்களில் மிகப் பெரும்பாலோர் மறுநாள் காலை வழமைபோல வேலைக்குப் போனார்கள்.

2017இல் கனடாவுக்கு வந்தவர்கள் வேறு ஆட்கள். நியூயோர்க் மாநிலத்தையும் கியூபெக்கையும் பிரிக்கும் எல்லையில், ரொக்ஸ்ஹாம் வீதி என்ற ஒரு சிறிய கிராமத்து வீதியால் பெட்டிகளை இழுத்துக்கொண்டு, குழந்தைகளுடன் நடந்து வந்தார்கள். அந்த ஆண்டில் முறையான எல்லைச் சாவடிகளுக்கு வெளியே கனடாவுக்குள் நுழைந்து தஞ்சம் கோரியவர்கள் 20,000 பேருக்கும் சற்று அதிகம். கோடை காலத்தில் வந்தவர்களில் பெரும் பகுதியினர் ஹெயிட்டி நாட்டவர். 2010ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பின்னர் அமெரிக்கா அவர்களுக்குத் தற்காலிகப் பாதுகாப்புக் கொடுத்திருந்தது. 2017 மே மாதத்தில் அந்தப் பாதுகாப்பு ஆறு மாதங்களுக்கு மட்டுமே நீடிக்கப்பட்டது. அடுத்த முறை நீடிக்கப்படாது என்பது புரிந்ததும் அவர்கள் வடக்கே நடந்தார்கள். 2023 மார்ச்சில் கனடா அந்த வழியையும் அடைத்தது.

தேர்தலில் தோற்ற கட்சிக்கு வாக்களித்தவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். வாக்கே இல்லாதவர்கள், விசா ஆட்டங்கண்டதால் புறப்பட்டார்கள். அரசியல் காரணமாக இடம் மாறுவது என்று நாம் பேசும்போது இந்த இரண்டு கூட்டத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது.

பாலத்துக்கு அப்பால் குடியிருந்தவர்கள்

ஐரோப்பாவில் இதற்கு இன்னும் தெளிவான உதாரணம் டென்மார்க். 2001 நவம்பரில் அங்கே ஆட்சி மாறியது. டேனிஷ் மக்கள் கட்சியின் ஆதரவில் தங்கியிருந்த புதிய அரசு, 2002 யூலையில் 24 வயதுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து கணவனையோ மனைவியையோ அழைப்பதானால் இருவரும் 24 வயதைத் தாண்டியிருக்க வேண்டும். இருவருக்கும் சேர்த்து, வேறெந்த நாட்டையும் விட டென்மார்க்குடனேயே கூடிய பிணைப்பு இருக்க வேண்டும். வங்கிப் பிணையும் கட்ட வேண்டும். ஊரில் பெண் பார்த்தும் மாப்பிள்ளை பார்த்தும் கட்டி வைக்கும் குடும்பங்களை இந்தச் சட்டம் நேரே போய்த் தொட்டது.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர்தான், 2000 யூலையில், டென்மார்க்கையும் சுவீடனையும் இணைக்கும் ஒரேசுண்ட் பாலம் திறக்கப்பட்டிருந்தது. டேனிஷ் குடியுரிமை உள்ள ஒருவர் சுவீடனில் போய்க் குடியிருந்தால், ஐரோப்பிய ஒன்றியத்தின் சுதந்திர நடமாட்ட விதிகளின் கீழ் தனது துணையை அங்கே அழைத்துக்கொள்ளலாம். பல இளம் தம்பதிகள் மால்மோவிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் வீடு எடுத்தார்கள். காலையில் தொடருந்து ஏறிக் கொப்பன்ஹேகனுக்கு வேலைக்கு வந்தார்கள். மாலையில் பாலத்தைக் கடந்து வீடு திரும்பினார்கள். தம் சொந்த நாட்டின் சட்டத்துக்காகப் பக்கத்து நாட்டில் குடியிருந்தவர்களில் வெளிநாட்டுப் பின்னணி இல்லாத டேனிஷ்காரரும் இருந்தார்கள்.

அரசியலால் மக்கள் இடம் மாறுவார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் யார் மாறினார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். டேனிஷ் கடவுச்சீட்டு இருந்தவருக்குத்தான் அந்தப் பாலம் வழி விட்டது. வெறும் வதிவிட அனுமதியுடன் இருந்தவருக்கு, மால்மோவுக்குப் போய் வர முடிந்ததே தவிர, அங்கே குடியேறிக் குடும்பத்தை அழைக்கும் உரிமை கிடைக்கவில்லை. ஒரே வயது, ஒரே ஊர், ஒரே தொழிற்சாலையில் வேலை செய்த இருவரில் ஒருவர் போனார், மற்றவர் காத்திருந்தார். கடவுச்சீட்டின் நிறம்தான் அவர்களைப் பிரித்தது.

போன இடமும் மாறும்

1990களின் பிற்பகுதியிலிருந்து டென்மார்க், நெதர்லாந்து, ஜேர்மனி, பிரான்ஸ், நோர்வே ஆகிய நாடுகளில் குடியுரிமை பெற்ற எமது குடும்பங்கள் பிரித்தானியாவுக்கு இடம் மாறின. ஹரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் ரூட்டிங்கிலும் இன்றைக்கும் டேனிஷோ டொச்சோ தெரிந்த தமிழ்ப் பெற்றோரைக் காணலாம். அதே காலத்தில் டென்மார்க்கிலிருந்தும் நெதர்லாந்திலிருந்தும் சோமாலியக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் லெஸ்டர் நகருக்கு வந்து சேர்ந்தன.

ஏன் போனார்கள் என்று கேட்டால் முதலில் வரும் பதில் பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்பு. பிறகு சொந்தக் கடை, சொந்தத் தொழில், உறவுக்காரர், கோவில், சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலை. அரசியல் அந்தப் பட்டியலில் கடைசியில்தான் வரும். ஆனால் மற்றக் காரணங்களுக்கு அடியில் அது இருந்தது. எந்த நேரமும் நீ இந்த நாட்டோடு ஒட்டிக்கொண்டாயா என்று கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு சமூகத்திலிருந்து, அதிகம் கேள்வி கேட்காத ஒரு பெருநகரத்துக்குப் போகும் விருப்பம் அது.

போன இடம் அப்படியே இருந்துவிடவில்லை. 2016 யூன் 23ஆம் திகதி பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலக வாக்களித்தது. 2020 டிசம்பர் 31ஆம் திகதியுடன் சுதந்திர நடமாட்டம் முடிந்தது. டேனிஷ் கடவுச்சீட்டை நம்பி வந்து பிரித்தானியக் குடியுரிமை எடுக்காமல் இருந்தவர்கள், 2021 யூன் இறுதிக்குள் புதிய வதிவிட உரிமைக்கு விண்ணப்பிக்க ஓட வேண்டியிருந்தது. 2025 நவம்பரில் பிரித்தானிய உள்துறை அமைச்சர் ஷபானா மஹ்மூத் தஞ்சக் கொள்கை மாற்றங்களை அறிவித்தார். அகதி அந்தஸ்து முப்பது மாதங்களுக்கு ஒருமுறை மீளாய்வு செய்யப்படும், நிரந்தர வதிவிடத்துக்கு இருபது ஆண்டுகள் காத்திருக்க நேரிடும் என்ற அந்த முன்மொழிவுகளுக்கு முன்மாதிரியாகக் காட்டப்பட்ட நாடு டென்மார்க். எந்தச் சட்டத்தின் மனநிலையிலிருந்து விலகி வந்தார்களோ, அதே மனநிலை இருபது ஆண்டுகள் கழித்துக் கடல் கடந்து அவர்கள் வாசலுக்கு வந்திருக்கிறது. அதைக் கொண்டுவந்ததும் ரிஃபோர்ம் கட்சி அல்ல, தொழிற்கட்சி அரசு.

மால்மோ தஞ்சம் கொடுத்த சுவீடனும் மாறியது. 2016இல் அங்கே தற்காலிக வதிவிட அனுமதி பொது வழக்கமானது. 2022 செப்டெம்பர் தேர்தலில் சுவீடன் ஜனநாயகவாதிகள் கட்சி ஏறத்தாழ 20.5 வீத வாக்குகளுடன் இரண்டாவது பெரிய கட்சியாகி, அரசின் கொள்கையை நிர்ணயிக்கும் இடத்துக்கு வந்தது. ஒரு நாட்டின் இன்றைய அரசியலைப் பார்த்து இன்னொரு நாட்டைத் தெரிவு செய்பவர், அந்த இன்னொரு நாட்டின் நாளைய அரசியலையும் சேர்த்தே தெரிவு செய்கிறார். அது எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

நகரசபையால் என்ன செய்ய முடியும்?

எமது கலந்துரையாடல்களில் பெரும்பாலும் தவறவிடப்படும் விடயம் இது. உள்ளூர் அதிகாரம் எதைத் தொடும், எதைத் தொடாது என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும்.

இங்கிலாந்தில் ஒரு கவுண்டி சபை யாருடைய விசாவையும் பறிக்க முடியாது. குடிவரவு முழுவதும் உள்துறை அமைச்சின் கையில் இருக்கிறது. சபையின் பணத்தில் பெரும் பகுதி முதியோர் பராமரிப்புக்கும் சிறுவர் பாதுகாப்புக்கும் போகிறது. வீதி, நூலகம், விசேட தேவையுள்ள பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றி இறக்கும் வாகனம் ஆகியவையும் அதன் பொறுப்பு. ஆகவே சபை கைமாறும்போது முதலில் பார்க்க வேண்டியது உங்கள் அம்மாவுக்கு வரும் பராமரிப்பாளர் தொடர்ந்து வருவாரா என்பதையே. அதையும்கூட, வெளிநாட்டிலிருந்து பராமரிப்பு ஊழியர்களை எடுக்கும் விசா வழியை 2025 யூலையில் மூடிய மத்திய அரசின் முடிவு, எந்த உள்ளூர்ச் சபையின் முடிவையும் விட அதிகம் பாதிக்கும்.

டென்மார்க்கில் நிலைமை வேறு. 2018ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆயிரம் பேருக்கு மேல் வசிக்கும் ஒரு சமூக வீடமைப்புத் தொகுதியில் பாதிக்கு மேற்பட்டோர் “மேற்கத்தையர் அல்லாத” பின்னணியினராக இருந்து, வேலை, கல்வி, வருமானம், குற்றம் ஆகிய நான்கில் இரண்டு அளவுகோல்களில் அப்பகுதி பின்தங்கியிருந்தால் அது பட்டியலில் சேரும். தொடர்ந்து பல ஆண்டுகள் பட்டியலில் இருந்தால், குடும்பங்களுக்கான சமூக வீடுகளின் பங்கை 2030க்குள் 40 வீதமாகக் குறைக்க வேண்டும். ஓடென்ஸவின் வொல்ஸ்மோஸவிலும் ஓர்ஹூஸின் கெல்லெறுப்பிலும் தொடர்மாடிகள் இடிக்கப்பட்டன. கொப்பன்ஹேகனின் மியோல்னர்பார்க்கனில் வாடகைக்கு இருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். விவகாரம் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வரை சென்றது. இங்கே மக்கள் தாமாக இடம் மாறவில்லை, மாற்றப்பட்டார்கள். திட்டத்தை நிறைவேற்றுவதில் நகரசபைக்கும் வீடமைப்புச் சங்கத்துக்கும் பங்கு இருப்பதால், உள்ளூர்த் தேர்தலில் யார் வருகிறார்கள் என்பது அந்தக் குடும்பங்களுக்கு மிகவும் முக்கியம்.

சுவிற்சர்லாந்தில் உள்ளூர் அதிகாரம் குடியுரிமையையே தொடுகிறது. லுற்சேர்ன் மாநிலத்தின் எம்மன் நகரசபையில் 2000 மார்ச்சில், குடியுரிமை கேட்ட 56 பேரின் விண்ணப்பங்கள் வாக்குப் பெட்டிக்குப் போயின. ஊர் மக்கள் எட்டுப் பேரை மட்டும் ஏற்றார்கள். அந்த எட்டுப் பேரும் இத்தாலியப் பின்னணியினர். மறுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் முன்னைய யூகோஸ்லாவியாவிலிருந்து வந்தவர்கள். 2003இல் சுவிஸ் கூட்டாட்சி நீதிமன்றம் இவ்வாறு இரகசிய வாக்கெடுப்பில் குடியுரிமையைத் தீர்மானிப்பது அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது.

இப்படியான ஊரில் இருப்பவர் பக்கத்து மாநிலத்துக்குப் போய்விடலாமே என்று தோன்றும். ஆனால் அங்கே ஒரு கணக்கு இருக்கிறது. சுவிஸ் குடியுரிமைக்கு நாட்டில் பத்து ஆண்டுகள் வாழ்ந்திருப்பது மட்டும் போதாது. மாநிலத்திலோ ஊரிலோ இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் வரை தொடர்ச்சியாக வாழ்ந்திருக்க வேண்டும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் விதி. நான்காம் ஆண்டில் கோபித்துக்கொண்டு இடம் மாறுபவர், புதிய இடத்தில் மீண்டும் முதலிலிருந்து எண்ணத் தொடங்க வேண்டி வரலாம். பகைமையான ஊரைவிட்டு விலகுவதற்கு அவர் கொடுக்கும் விலை, அந்த ஊரைத் தட்டிக்கேட்கும் உரிமை இன்னும் சில ஆண்டுகள் தள்ளிப்போவது.

எமது பழைய அளவுகோல்

எமக்கு இடப்பெயர்வு புதிதல்ல. 1958 கலவரத்தின்போது கொழும்பிலிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டவர்களில் பலர், நிலைமை தணிந்ததும் கொழும்புக்கே திரும்பினார்கள். வேலையும் வீடும் அங்கே இருந்தன. 1977 யூலையில் பொதுத் தேர்தல் நடந்தது. அடுத்த மாதமே கலவரம் வந்தது. அதன் பின்னர் மலையகத்தைச் சேர்ந்த பெருந்தொகையானோர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து குடியேறினார்கள். 1983 யூலைக்குப் பின்னர் நாட்டை விட்டே போனார்கள்.

ஒவ்வொரு முறையும் மக்கள் இன்னும் தொலைவுக்குப் போனதன் காரணம், தேர்தலில் யார் வென்றார் என்பதைவிட, வன்முறை வந்தபோது அரசு எந்தப் பக்கம் நின்றது என்பதே. 1983இல் கொழும்பில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழரின் வீடுகளை அடையாளம் கண்டார்கள். படையினரும் பொலிஸாரும் பல இடங்களில் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த நாட்களில் பூட்டிய வீட்டுக்குத் திரும்பாதவர்கள் சரியாகவே கணித்தார்கள்.

2024 யூலை 29ஆம் திகதி சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டதன் பின்னர் இங்கிலாந்தின் பல நகரங்களில் கலவரம் மூண்டது. தஞ்சம் கோருவோர் தங்கியிருந்த விடுதிகள் ரொதர்ஹாமிலும் ராம்வேர்த்திலும் தாக்கப்பட்டன. கடைகளைப் பூட்டிவிட்டு வீட்டுக்குள் இருந்த எம்மவர்களுக்கு 1983 நினைவுக்கு வந்தது இயல்பு. ஆனால் இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். இரண்டு வாரங்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டார்கள். நீதிமன்றங்கள் சில நாட்களிலேயே சிறைத்தண்டனைகளை வழங்கின. அரசின் குடிவரவுக் கொள்கை கடுமையாகலாம், அதன் பேச்சு எம்மைக் காயப்படுத்தலாம். ஆனால் வாசலுக்குக் கும்பல் வந்தால் பொலிஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்பதே எமது அளவுகோல் என்றால், அந்த அளவுகோலின்படி புறப்பட வேண்டிய நேரம் அங்கே வரவில்லை. அது மாறினால் அன்றைக்கு யாரும் கலந்துரையாடிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

பட்டியலில் பெயர் இருக்கிறதா?

ஊரில் வாக்காளர் பட்டியல் எமக்கு எதிராகப் பயன்பட்டது. இங்கே அதில் பெயர் இல்லாததே எமக்குப் பாதகம்.

பொதுநலவாய நாட்டுக் குடிமக்கள் என்ற வகையில், பிரித்தானியாவில் சட்டபூர்வமான வதிவிட அனுமதியுடன் இருக்கும் இலங்கைக் குடியுரிமையாளர்கள் உள்ளூராட்சித் தேர்தலில் மட்டுமன்றிப் பாராளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். அதற்குப் பிரித்தானியக் குடியுரிமை தேவையில்லை. இது தெரியாமல் பத்து ஆண்டுகள் பதியாமல் இருப்பவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். 2023 முதல் இங்கிலாந்தில் வாக்குச்சாவடிக்குப் படத்துடன் கூடிய அடையாள ஆவணம் கொண்டுபோக வேண்டும். பொதுநலவாய நாட்டுக் கடவுச்சீட்டு அதற்கு ஏற்கப்படும்.

சுவீடன் 1976 முதலும், டென்மார்க் 1981 முதலும், நோர்வே 1983 முதலும், குறிப்பிட்ட சில ஆண்டுகள் வாழ்ந்த வெளிநாட்டவருக்கு உள்ளூர் வாக்குரிமை கொடுத்து வந்துள்ளன. நெதர்லாந்திலும் ஐந்து ஆண்டுகள் சட்டபூர்வமாக வாழ்ந்தவர் நகரசபைத் தேர்தலில் வாக்களிக்கலாம். சுவிற்சர்லாந்தில் நொய்ஷத்தல், வோ, யூறா போன்ற பிரெஞ்சு மொழி மாநிலங்களில் ஊர் மட்டத்தில் இந்த உரிமை உண்டு. ஜேர்மனி, பிரான்ஸ், கனடா ஆகிய நாடுகளில் குடியுரிமை இல்லாத இலங்கையருக்கு இது கிடையாது. ஜேர்மனியில் இருப்பவர்களுக்கு 2024 யூன் முதல் ஐந்து ஆண்டுகளில் குடியுரிமை கோரவும் இரட்டைக் குடியுரிமை வைத்திருக்கவும் வழி திறந்திருக்கிறது.

2025 மே மாதத் தேர்தலில் இங்கிலாந்தில் வாக்களித்தவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே. வட்டாரத்தில் சில நூறு வாக்குகள் முடிவை மாற்றும். அதே நாளில் நடந்த ரன்கோர்ன் பாராளுமன்ற இடைத்தேர்தலில் ரிஃபோர்ம் கட்சி வென்றது ஆறே வாக்குகளால். உள்ளூர் அரசியல் ஒரே திசையில்தான் ஓடும் என்பதும் உண்மையல்ல. 2025 நவம்பரில் நடந்த டேனிஷ் உள்ளூராட்சித் தேர்தலில், நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தம் கையில் இருந்த கொப்பன்ஹேகன் நகர முதல்வர் பதவியைச் சமூக ஜனநாயகவாதிகள் இழந்தார்கள். அது போனது அவர்களை விட இடதுபக்கம் நிற்கும் ஒரு கட்சிக்கு.

இடம் மாறும் ஒவ்வொரு குடும்பமும் பழைய இடத்தில் தனது வாக்கையும் விட்டுவிட்டுப் போகிறது. புதிய இடத்தில் அது பல ஆண்டுகளுக்குக் கிடைக்காமலும் போகலாம். அங்கே எஞ்சியிருப்பவர்கள் இன்னும் சிறிய தொகையாகிறார்கள். எஞ்சியிருப்பவர்கள் யார் என்றால் வயதானவர்கள், தஞ்ச வழக்கு முடியாதவர்கள், இரண்டு வேலை செய்து வாடகை கட்டுபவர்கள்.

எதைப் பார்த்து முடிவெடுப்பது?

வசதியான வீட்டுக்காக, நல்ல பாடசாலைக்காக, வேலைக்காக இடம் மாறுவது வேறு. ஸ்காபரோவிலிருந்து மார்க்கத்துக்கும் ஏஜக்ஸுக்கும், ஈஸ்ட்ஹாமிலிருந்து இல்ஃபோர்ட்டுக்கும் போன குடும்பங்களை எந்தக் கட்சியும் துரத்தவில்லை. அதை அரசியல் என்று சொல்லிக்கொள்ளத் தேவையில்லை.

அரசியலுக்காகவே போவதா என்று யோசிப்பவர்கள் சில விடயங்களை ஒழுங்காகப் பார்க்கலாம். மாறியிருப்பது பேச்சா, சட்டமா? சட்டம் என்றால் அது நிறைவேறிவிட்டதா, முன்மொழிவு மட்டத்தில் இருக்கிறதா? முன்மொழிவுகள் நிறைவேறும்போது பெரும்பாலும் மாறியே வருகின்றன. அது வீட்டில் யாரைத் தொடுகிறது: குடியுரிமை உள்ள அப்பாவையா, வதிவிட அனுமதியுடன் இருக்கும் மருமகனையா, ஊரிலிருந்து வர இருக்கும் அம்மம்மாவையா? ஒரே வீட்டுக்குள் நான்கு விதமான விசா இருக்கும்போது, உறுதியானவரின் நிலையை வைத்து முடிவெடுத்தால் நலிந்தவர் நடுவில் நிற்பார். குடியுரிமைக்கு எண்ணப்படும் ஆண்டுகள் எத்தனை முடிந்திருக்கின்றன? முடியும் தறுவாயில் இருந்தால், அதை எடுத்த பின்னர் யோசிக்கலாம். பாதி வகுப்பில் மொழி மாறும் பிள்ளையின் இழப்பையும், வைத்தியருடன் பேசும் அளவுக்காவது ஒரு மொழி பழகிய முதியவரின் இழப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இந்த விடயத்தில் டென்மார்க்கிடமிருந்து எமக்கு இன்னொரு பாடமும் உண்டு. 1987இல், இந்திய-இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தாகிச் சில வாரங்களில், அந்நாட்டு நீதி அமைச்சர் எரிக் நின்-ஹன்சன் தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களை நிறுத்தி வைக்கச் செய்தார். சட்டப்படி அந்தக் குடும்பங்களுக்கு உரிமை இருந்தது. கணவன் யூட்லாந்தில், மனைவியும் பிள்ளைகளும் குண்டு விழும் ஊரில் என்று காத்திருந்தார்கள். அவர்களிடம் டேனிஷ் குடியுரிமையோ பாராளுமன்ற வாக்கோ இருக்கவில்லை. விண்ணப்பங்களைத் திரும்பப் பெறவும் இல்லை. முறைப்பாடு மக்கள் குறைகேள் அதிகாரியிடம் போனது. பின்னர் ஒரு நீதிபதியின் விசாரணைக்குப் போனது. 1993 சனவரியில் அந்த விசாரணை அறிக்கை வெளிவந்ததும் பிரதமர் போல் ஷ்லூட்டரின் அரசு பதவி விலகியது. 1995இல் அமைச்சர்களை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றம் நின்-ஹன்சனைக் குற்றவாளியாகக் கண்டு நான்கு மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை விதித்தது. டென்மார்க்கில் இன்றும் அதைத் தமிழர் வழக்கு என்றுதான் சொல்கிறார்கள்.

அரசைக் கவிழ்த்தது எம்மவர் அல்ல, சட்டமும் பாராளுமன்றமும். இழந்த காலத்தை அந்தத் தீர்ப்பு திருப்பிக் கொடுக்கவும் இல்லை. ஆனால் ஒரு நாட்டில் மிகவும் நலிந்த விசாவுடன் இருந்தவர்களின் கோவைகள், அந்த நாட்டின் அமைச்சரையே கூண்டில் ஏற்றின. அந்தக் கோவைகள் அங்கே இருந்தபடியால்தான் அது முடிந்தது.

உயிருக்கு ஆபத்து என்றால் கதவைப் பூட்டிவிட்டுப் புறப்படுங்கள். அதை யாரும் எமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. விசா ஆட்டங்காண்கிறது என்றால் முதலில் ஒரு நல்ல சட்டத்தரணியிடம் போங்கள். பயணச்சீட்டைப் பிறகு வாங்கலாம். பிடிக்காத கட்சி வென்றுவிட்டது என்பது மட்டும்தான் காரணம் என்றால், வாக்காளர் பட்டியலில் வீட்டிலுள்ள எல்லோருடைய பெயரும் இருக்கிறதா என்று இந்தக் கிழமையே பாருங்கள். பக்கத்து வீட்டு ஐயாவின் பெயரையும் சேர்த்துப் பாருங்கள். அவருக்குப் போக வேறு இடம் இருக்காது.